பீரியட்ஸ் வலிக்கு ஒரு மாத்திரை, லைன் ஓடினால் போதுமா? பனியன் கம்பெனிகள் கவனிக்கத் தவறும் எண்டோமெட்ரியோசிஸ்

மதியம் மூன்று மணி. டீ பிரேக்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். "அக்கா, வயிறு ரொம்ப வலிக்குதுங்க." சூப்பர்வைசர் ஆணாக இருந்தால் அதே வலி "தலைவலிங்ணா" என்று மாறிவிடும். எப்படிச் சொன்னாலும் வருவது ஒரே மாத்திரைதான். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வலி அடங்குகிறது. லைன் ஓடுகிறது.

திருப்பூர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ஆனால் வெளியுலகுக்கு இது செய்தியானது 2019 ஜூன் மாதத்தில்தான். தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் துறையில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் பெயர் இல்லாத மாத்திரை தந்தார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அதனால் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டியபோது, அவை இபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த வலிநிவாரணிகள் என்று தெரியவந்தது. அப்போதைக்கு வலி குறையும், தொடர்ந்து எடுத்தால் ஆபத்து என்பது மருத்துவர்களின் கருத்து.

அந்தச் செய்திக்குப் பிறகு மாத்திரை பற்றி நிறைய பேசப்பட்டது. யார் கொடுத்தது, லேபிள் எங்கே, நர்ஸ் இருந்தாரா என்று கேட்டார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஓரமாகவே நின்றுவிட்டது. ஒரு பெண்ணுக்கு மாதம் தவறாமல், மாத்திரை இல்லாமல் உட்காரவே முடியாத அளவுக்கு வலி வருகிறதென்றால், உள்ளே என்னதான் நடக்கிறது?

பெரும்பாலானவர்களுக்கு அது நோய் எதுவும் இல்லாத சாதாரண மாதவிடாய் வலி. சிலருக்குக் கர்ப்பப்பைக் கட்டி காரணமாக இருக்கலாம். இன்னும் சிலருக்கு எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடி பேருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் 2.5 கோடி பேர் என்பது இந்திய எண்டோமெட்ரியோசிஸ் சங்கத்தின் மதிப்பீடு. வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியவருவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகிறது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். 16 வயதில் வலி ஆரம்பித்தவருக்கு 28 வயதில்கூட விடை கிடைக்காமல் இருக்கலாம். பனியன் தொழிலில் ஒரு பெண்ணின் நல்ல உழைப்புக் காலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கர்ப்பப்பைக்கு வெளியே முளைப்பது எப்படி?

கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கிறது. மாதாமாதம் வளர்ந்து, கரு தங்கவில்லையென்றால் ரத்தத்தோடு வெளியேறும். இதே போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையில், வயிற்றின் உட்சுவரில், குடல் மேல், சிறுநீர்ப்பை மேல் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதவிடாய் சமயத்தில் அதுவும் கசியும். ஆனால் அந்த ரத்தத்துக்கு வெளியே போக வழி இல்லை.

அது அங்கே எப்படிப் போனது? 1920களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன விளக்கம்தான் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி, கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து வயிற்றுக்குள் விழுகிறது. அதிலுள்ள செல்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். இப்படிப் பின்னோக்கிப் பாய்வது அபூர்வமான விஷயம் இல்லை. சில ஆய்வுகளில் 90 சதவீதம் பெண்களிடம் வரை இது காணப்பட்டிருக்கிறது. நோய் வருவதோ 10 சதவீதம் பேருக்கு. மீதிப் பேருக்கு ஏன் வரவில்லை? அவர்கள் வயிற்றுக்குள் விழுந்த செல்களை யார் கூட்டிப் பெருக்கினார்கள்?

நோயெதிர்ப்பு மண்டலம். இந்த நோயில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தோண்டிக்கொண்டிருக்கும் இடம் இதுதான்.

செக்கிங் செக்‌ஷனே கட்சி மாறினால்

பனியன் கம்பெனி மொழியிலேயே சொல்லலாம். தைத்து வரும் பீஸ் நேராக பேக்கிங்குக்குப் போகாது. செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டுவார்கள், ஓட்டை, கறை பார்ப்பார்கள், சரியில்லாததை ரிஜெக்ட் செய்வார்கள். வயிற்றுக்குள் அந்த வேலையைப் பார்ப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள். இடம் மாறி வந்த செல், செத்த செல், கிருமி என எது கிடைத்தாலும் விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. கூடவே என்.கே. செல்கள் என்று ஒரு படை உண்டு. தப்பான இடத்தில் இருக்கும் செல்லை நேரடியாகக் கொல்லும்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் வயிற்றறைத் திரவத்தைப் பரிசோதித்தால் மேக்ரோஃபேஜ்கள் குறைவாக இருப்பதில்லை. அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் விழுங்கும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. என்.கே. செல்களின் கொல்லும் திறனும் மங்கிப்போயிருக்கிறது. ரிஜெக்ட் ஆக வேண்டிய பீஸ் டேபிளைத் தாண்டிப் போகிறது. அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை, செக்கிங் செக்‌ஷனே அந்த பீஸுக்கு நூலும் கரண்ட்டும் கொடுக்க ஆரம்பிக்கிறது.

எப்படி? மேக்ரோஃபேஜ்கள் சைட்டோகைன் என்ற வேதிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, டிஎன்எஃப் ஆல்ஃபா என்று அவற்றுக்குப் பல பெயர்கள். உடம்பில் காயம் பட்டால் இதே சமிக்ஞைகள்தான் ஆள் திரட்டும், வீங்க வைக்கும், பிறகு ஆற வைக்கும். வேலை முடிந்ததும் நின்றுவிடும். இங்கே நிற்பதில்லை. மாதாமாதம் புது ரத்தம் கசிகிறது, அந்த ரத்தத்திலிருந்து இரும்பு வெளிப்பட்டுச் சுற்றியுள்ள திசுவை அரிக்கிறது, மறுபடியும் அழற்சி, மறுபடியும் சமிக்ஞை. இந்த அழற்சி ஆற்றுவதற்குப் பதிலாக, ஒட்டிக்கொண்ட திசுவுக்குப் புது ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. புது நரம்பு இழைகளையும் வரவழைக்கிறது. ஆறாத புண்ணைச் சுற்றித் தழும்பு கட்டுவது போல உள்ளே நார்த்திசு படர்ந்து, சினைப்பை, குடல், கர்ப்பப்பை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலைமையும் வருகிறது.

நரம்பு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அழற்சிச் சமிக்ஞைகள் அங்குள்ள நரம்புகளை எந்நேரமும் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் நாளடைவில் வலிக்குப் பழகாது. வலியைப் பெருக்கப் பழகிவிடும். அதனால்தான் சிலருக்கு மாதவிடாய் முடிந்த பிறகும் இடுப்பு வலிக்கிறது, மலம் கழிக்கும்போது வலிக்கிறது, உடலுறவின்போது வலிக்கிறது. லேப்ரோஸ்கோபியில் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாக மட்டும் இருக்கும், வலியோ தாங்க முடியாது. இன்னொருவருக்குச் சினைப்பையில் பெரிய கட்டியே இருக்கும், வலி பெரிதாக இருக்காது. நோயின் அளவையும் வலியின் அளவையும் ஒரே தராசில் போட முடியாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன வலி?" என்று வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்கும் கேள்விக்கு இதுதான் பதில்.

அசதியும் இந்தக் கணக்கில் சேர்கிறது. காய்ச்சல் வந்த அன்று உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பதற்கு சைட்டோகைன்களும் ஒரு காரணம். நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கு அந்த அசதி காய்ச்சல் இல்லாமலே இருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் அடிக்கடி சொல்லும் புகார்களில் இதுவும் ஒன்று. டார்கெட் போர்டில் நம்பர் குறைந்ததும் "இந்தப் பொண்ணு சோம்பேறி" என்று முத்திரை குத்துவதற்கு முன் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

இப்போது பெயர் இல்லாத மாத்திரைக்குத் திரும்பலாம். இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் வகை மாத்திரைகள் காக்ஸ் என்ற என்சைமைத் தடுக்கின்றன. காக்ஸ் தடைபட்டால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி குறையும். கர்ப்பப்பையைச் சுருக்கிப் பிழிவது, நரம்பை வலிக்குக் கூர்மையாக்குவது, சிலருக்கு அந்த நாட்களில் வயிற்றுப்போக்கு வரவைப்பது எல்லாம் இந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். ஆக மாத்திரை போட்டதும் வலி குறைவது பொய்யில்லை. அறிவியல்படியே அது அழற்சியைக் குறைக்கும் மருந்து.

சாதாரண மாதவிடாய் வலிக்கு இது நல்ல மருந்தும்கூட. சிக்கல் எண்டோமெட்ரியோசிஸில்தான். அங்கே ஒரு வட்டம் சுழல்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்தார் புலுன் உள்ளிட்டோரின் ஆய்வுகள் இதை விளக்கின. இடம் மாறி ஒட்டிக்கொண்ட திசு, அரோமடேஸ் என்ற என்சைமை வைத்துத் தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் காக்ஸ்-2 என்சைமைத் தூண்டுகிறது. காக்ஸ்-2 புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்குகிறது. புரோஸ்டாகிளாண்டின் திரும்பவும் அரோமடேஸைத் தூண்டுகிறது. தன் தீவனத்தைத் தானே விளைவித்துக்கொள்ளும் திசு இது. வழக்கமாக ஈஸ்ட்ரோஜனுக்குக் கடிவாளம் போடும் புரோஜெஸ்டிரோன் பேச்சையும் இது சரியாகக் கேட்பதில்லை.

மாதத்தில் இரண்டு நாள், வலி வந்தபின் போடும் ஒரு மாத்திரை இந்த வட்டத்தின் ஒரு ஓரத்தைச் சில மணி நேரம் அமுக்குகிறது. அவ்வளவுதான். திசு அங்கேயே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கையும், எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு இவ்வகை மாத்திரைகள் பலன் தருகின்றனவா என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. வலியோடு உட்கார்ந்து தைக்கச் சொல்வது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது. ஆனால் வெறும் வயிற்றில், வாரக்கணக்கில், மாதாமாதம் எடுத்தால் இரைப்பைப் புண் வரலாம். உடம்பில் நீர்ச்சத்து குறைவாக இருக்கும்போது எடுத்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்பதற்காகவே தண்ணி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் வேலை செய்யும் இடத்தில், அதுவும் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே, இது சின்ன விஷயம் இல்லை. 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தக ஆணையம், மெஃபெனாமிக் ஆசிட் சிலருக்கு 'டிரெஸ்' எனப்படும் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தலாம் என்று எச்சரிக்கை வெளியிட்டது. தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் என்று ஆரம்பித்து உள்ளுறுப்புகள் வரை போகக்கூடியது அது. அரிதானதுதான், பதற வேண்டாம். ஆனால் மாத்திரை போட்ட சில வாரங்களில் உடம்பு முழுக்கத் தடிப்பு வந்தால், "என்ன மாத்திரை போட்டீங்க?" என்று டாக்டர் கேட்பார். பெயர் இல்லாத மாத்திரை போட்டவர் என்ன பதில் சொல்வார்?

ஆய்வுக்கூடங்களில் என்ன நடக்கிறது?

அழற்சிதான் பிரச்சினை என்றால் அழற்சிச் சமிக்ஞையையே வெட்டிவிடலாமே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். டிஎன்எஃப் ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப், முடக்குவாதத்தில் நன்றாக வேலை செய்யும் மருந்து. பெல்ஜிய மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2008இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அது பலன் தரவில்லை. ஒரு மெசேஜை மட்டும் பிளாக் செய்தால் குரூப் அமைதியாகிவிடாது என்பது புரிந்தது.

ஜப்பானிலிருந்து வந்த இரண்டு செய்திகள் நம்பிக்கை தந்தன. இரண்டும் 2023இல் வந்தவை. சுகாய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்டர்லூக்கின்-8ஐத் தடுக்கும் நீண்டநாள் பலன் தரும் ஆன்டிபாடியைக் குரங்குகளில் செலுத்தியபோது நோய்த் திசுவும் ஒட்டுதலும் குறைந்தன. நகோயா பல்கலைக்கழக ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கர்ப்பப்பைச் சவ்வில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்தது. நோய் இல்லாதவர்களில் அது 7 சதவீதம்தான். எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது நோய்த் திசு குறைந்தது. குரங்குக்கும் எலிக்கும் பலித்தது பெண்களுக்குப் பலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்க வேண்டாம்.

மரபணுவிலும் தடயம் கிடைக்கிறது. 60,000க்கும் மேற்பட்ட எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகளின் மரபணுத் தரவை வைத்து 2023இல் வந்த பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 42 மரபணு இடங்களைக் காட்டியது. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற நாள்பட்ட வலிகளோடும் அவற்றுக்குப் பங்கு இருந்தது. 2025இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒருபடி மேலே போனது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சீலியாக் போன்ற நோயெதிர்ப்பு சார்ந்த நோய்கள் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 30 முதல் 80 சதவீதம் அதிகம் என்றது அது. ஒன்றிலிருந்து இன்னொன்று வருகிறது என்று இதற்குப் பொருளில்லை. பிரிட்டிஷ் மக்களின் தரவு என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியப் பெண்களின் தரவுக்காக, மும்பையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய இனப்பெருக்க மற்றும் குழந்தைநல ஆராய்ச்சி நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டோடு சேர்ந்து பல மாநிலங்களில் ஆய்வு நடத்தி வருகிறது.

இதற்கிடையே இன்ஸ்டாகிராமில் 'இம்யூனிட்டி பூஸ்டர்' விற்பவர்களுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் பிடித்த சப்ஜெக்ட் ஆகிவிட்டது. இங்கே நோயெதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பது பிரச்சினையே இல்லை. திசைமாறி, ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. அதை எதற்கு 'பூஸ்ட்' பண்ண வேண்டும்? "ஒரே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்" என்ற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். சிஏ-125 உட்பட ரத்தக் குறியீடுகளை வைத்து இந்த நோயை உறுதி செய்யக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவ அமைப்பான எஷ்ரேயின் 2022 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது.

நடைமுறைக்கு உதவும் இன்னொரு மாற்றமும் அதே வழிகாட்டியில் உண்டு. முன்பெல்லாம் வயிற்றில் துளை போட்டு லேப்ரோஸ்கோபி செய்து பார்த்தால்தான் நோய் உறுதி என்பார்கள். இப்போது எல்லோருக்கும் அது தேவையில்லை. அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்து, ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் அறிகுறிகளை மட்டும் வைத்துக்கூட, டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கலாம். அது பலிக்காதபோது லேப்ரோஸ்கோபியை யோசிக்கலாம். ஹார்மோன் மாத்திரை நோயை வேரோடு எடுத்துவிடாது. ஆனால் அந்த ஈஸ்ட்ரோஜன் வட்டத்தின் வேகத்தைக் குறைக்கும். கல்யாணமாகாத பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் என்றதும் வீட்டில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தாலேயே பலர் டாக்டரிடம் போவதில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன், எம்ஆர்ஐ என்று வேறு வழிகள் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்" என்ற அறிவுரைக்கும் அந்த வழிகாட்டியில் பதில் இருக்கிறது. நோயைக் குணமாக்குவதற்காகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது, கர்ப்பத்தால் நோய் குறையும் என்று உறுதி இல்லை. சொல்லப்போனால், பல பெண்கள் எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை முதன்முதலில் கேட்பதே கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, குழந்தையின்மைக்குப் பரிசோதனை செய்யும்போதுதான்.

முதல் இரண்டு நாள் கணக்கில் வராது

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரம். இதில் தையலில், செக்கிங்கில், பேக்கிங்கில் பெரும்பகுதி பெண்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களும் உண்டு. வயிற்றுவலியையே வேற்று மொழியில் சொல்ல வேண்டிய நிலைமையில் இருக்கும் இந்தப் பெண்கள், நோய் வந்தால் என்ன செய்ய முடியும்?

காகிதத்தில் பார்த்தால் ஈஎஸ்ஐ இருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணின் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். திருப்பூரில் 100 படுக்கை ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

இங்கதான் ஒரு ஓட்டை. ஈஎஸ்ஐ விதிகளின்படி, நோய் வந்த முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய்க்கால உதவி முடிந்து 15 நாளுக்குள் மறுபடி நோய் வந்தால் மட்டும் விதிவிலக்கு. மாதவிடாய் வருவது ஏறக்குறைய 28 நாளுக்கு ஒருமுறை. வலி உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, இந்த வலி அந்த ஓட்டைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. நீண்டகால நோய்களுக்குக் கூடுதல் உதவி தரும் 34 நோய்களின் பட்டியலிலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை. பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து ஓடும் பவர் டேபிள் யூனிட்டுகளில் ஈஎஸ்ஐ என்ற பேச்சே கிடையாது. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு லீவு என்றால் சனிக்கிழமைக் கவரில் பணம் குறைவு. எனவே மாத்திரை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று அதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு! எண்டோமெட்ரியோசிஸ் ஆட்டிப்படைப்பது முதல் மாதவிடாயிலிருந்து ஏறக்குறைய மாதவிடாய் நிற்கும் காலம் வரை. கம்பெனி செலவில் டாக்டரைப் பார்க்கும் வாய்ப்பு வரும்போது, நோயின் பெரும்பகுதியை அந்தப் பெண் ஏற்கெனவே வாழ்ந்து முடித்திருப்பார்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2025 அக்டோபரில் அமைச்சரவை மாதவிடாய் விடுப்புக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள், சம்பளத்தோடு. அரசு அலுவலகம், ஐடி கம்பெனியோடு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளையும் அந்த அறிவிப்பில் சேர்த்திருந்தார்கள். பின்னலாடையின் தலைநகரை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் தனியார் தொழிற்சாலைப் பெண்களுக்கு அப்படி ஒன்று இல்லை. லீவு கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்ற வாதம் ஒவ்வொரு முறையும் வருகிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் பெண்கள் இல்லாமல் திருப்பூர் எத்தனை நாள் ஓடும் என்று அந்த வாதம் வைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீபாவளி லீவு முடிந்து ஆட்கள் திரும்பாத வாரத்தில் ஷிப்மென்ட் படும் பாடு அவர்களுக்குத் தெரியாததில்லை.

பெரிய சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் என்றால் செவிலியரோடு ஒரு சிகிச்சை அறை என்று கேட்டது. வெளிநாட்டு பையர் ஆடிட் வரும் அன்று பெட்டியில் பஞ்சு இருக்கிறதா, எக்ஸ்பைரி தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரே பெண் ஒவ்வொரு மாதமும் அதே மாத்திரை வாங்கியிருக்கிறாரா என்று பார்ப்பவர் யாரும் இல்லை. சூப்பர்வைசர் கையில் இல்லாமல் நர்ஸ் கையில் ஒரு பதிவேடு இருந்தால் போதும். மாத்திரையின் பெயர், கொடுத்த தேதி, கடைசியாக எப்போது வாங்கினார் என்று மூன்று கட்டம். தொடர்ந்து மூன்று மாதம் ஒரே பெயர் வந்தால் நான்காவது முறை மாத்திரையோடு ஈஎஸ்ஐ மருந்தகத்துக்கு ஒரு சீட்டும், போய்வர அரை நாளும், அந்த அரை நாளுக்கான சம்பளமும்.